ரெசினில் மணல் அடியில் தங்குவது ஏன்? வேகத்தைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. நூறு பங்கு பாலியெஸ்டர் ரெசினுக்கு நூற்றைம்பது பங்கு குவார்ட்ஸ் மணல் சேர்த்து, 75 மில்லிமீட்டர் தடிமனில் பம்ப்செட் அடித்தளங்களை வார்க்கிறார். மணலின் அளவு ஏறத்தாழ 200 மைக்ரான். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில், டிரில் மெஷினில் பொருத்திய 10 சென்டிமீட்டர் இறகைக் கொண்டு, நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் கலக்குகிறார். வார்த்த கட்டையை அறுத்துப் பார்த்தால் மேலே பத்து மில்லிமீட்டர் அளவுக்கு வெறும் ரெசினாகவே இருக்கிறது. அந்தப் பக்கம் வளைகிறது, சில நேரம் விரிசல் விடுகிறது. வேகத்தைக் கூட்டினால் ஊசித்துளைகள் வருகின்றன. வாளியின் அடி மூலையில் மணல் கலக்காமலே கிடப்பதும் உண்டு. எண்ணூர்ப் பக்கம் அலுமினிய வார்ப்படம் செய்யும் அவருடைய நண்பர், சிலிக்கான் கார்பைடு தூளை உருகிய அலுமினியத்தில் கலக்க இதே ஏற்பாடு போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

இதில் நான்கு வெவ்வேறு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. துகளை அடியிலிருந்து தூக்கி நிறுத்துவது ஒன்று; பாத்திரத்தின் எல்லா மூலைக்கும் அதைக் கொண்டு சேர்ப்பது இன்னொன்று; ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்களைத் தனித்தனியாகப் பிரிப்பது மூன்றாவது; கலக்கிய பிறகு, ரெசின் உறையும் வரை அந்நிலை குலையாமல் வைத்திருப்பது நான்காவது. வேகத்தைக் கூட்டுவது இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே நேரான மருந்து. உங்களுடைய கட்டையில் தெரியும் பத்து மில்லிமீட்டர் ரெசின் அடுக்கு நான்காவதைச் சேர்ந்தது. வாளி மூலையில் கிடக்கும் மணல் இரண்டாவதைச் சேர்ந்தது. ஆகவே டிரில்லின் வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் இவ்விரண்டும் தீராமல் இருந்ததில் வியப்பில்லை.

முதலில் அந்தப் பத்து மில்லிமீட்டரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அசையாத திரவத்தில் ஒரு சிறு உருண்டை எவ்வளவு வேகத்தில் கீழிறங்கும் என்பதை இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டார். துகளின் விட்டத்தின் இருமடிக்கும், துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டுக்கும் அந்த வேகம் நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்கு (ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மைக்கு) எதிர்விகிதத்திலும் இருக்கும். உங்கள் ரெசினின் பாகுநிலையை 500 சென்டிபாய்ஸ் (தண்ணீரைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு) என்றும், அடர்த்தியை 1.1 என்றும், குவார்ட்ஸின் அடர்த்தியை 2.65 என்றும் எடுத்துக்கொண்டால், 200 மைக்ரான் மணல் ஒன்று தனியாக விழும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இறங்கும். அதுவே 50 மைக்ரான் தூளாக இருந்தால் மணிக்கு 15 மில்லிமீட்டர்தான். விட்டம் நான்கில் ஒன்றாகும்போது வேகம் பதினாறில் ஒன்றாகிவிடுகிறது.

ஆனால் உங்கள் மணல் தனியாக விழவில்லை. நூறு பங்கு ரெசினில் நூற்றைம்பது பங்கு மணல் என்பது எடைக் கணக்கு. கன அளவில் பார்த்தால் மொத்தக் கலவையில் மணல் சுமார் 38 சதவீதம். இவ்வளவு நெருக்கத்தில் ஒவ்வொரு துகளும் கீழிறங்க வேண்டுமென்றால், அதற்குச் சமமான அளவு திரவம் இடுக்குகள் வழியாக மேலேறியாக வேண்டும். அந்த எதிரோட்டம் எல்லாத் துகள்களையும் தடுக்கிறது. ரிச்சர்ட்சன், ஜாகி என்ற ஆய்வாளர்கள் 1954-இல் தந்த விதிப்படி, இந்த நெருக்கத்தில் இறங்கும் வேகம் தனித் துகளின் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது நிமிடத்துக்கு 0.4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஹார்டனர் சேர்த்த பின் உறைவதற்கு இருபது நிமிடம் ஆகிறது என்றால், மேலே எட்டு மில்லிமீட்டருக்கு மேல் தெளிந்துவிடும். நீங்கள் அளந்த பத்து மில்லிமீட்டருடன் இது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆக, நீங்கள் சரியாகக் கலக்கியிருந்தாலும் இந்த அடுக்கு வந்தே தீரும். அது வாளியில் உண்டாகவில்லை, அச்சில் உண்டாகிறது.

இதனுடன் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரைப் பட்டறைக்குள் ரெசின் 38 டிகிரியைத் தொடும்போது அதன் பாகுநிலை மார்கழியில் இருந்ததில் பாதியாகக்கூடக் குறையலாம். மணல் இறங்கும் வேகமும் அதற்கேற்ப இரட்டிக்கும். வெப்பத்தில் ரெசின் விரைவாக உறைவதால் இழப்பு ஓரளவு ஈடாகிவிடும் என்றாலும், பெரும்பாலான பட்டறைகளில் கோடையில் ஹார்டனரைக் குறைத்து, பழைய இருபது நிமிட அவகாசத்தையே தக்கவைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மேல் அடுக்கு பதினைந்து மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். கோடையில் பழுது அதிகம் என்று நீங்கள் கவனித்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அந்த அடுக்கு வளைவதற்கும் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை: வெறும் பாலியெஸ்டர் உறையும்போது கன அளவில் 6 முதல் 8 சதவீதம் வரை சுருங்குகிறது, மணல் நிறைந்த பகுதி அதைவிட மிகக் குறைவாகவே சுருங்குகிறது, எனவே மேற்பரப்பு உள்ளிழுத்துக்கொண்டு வளைகிறது, விரிசலும் விடுகிறது.

இதற்கு மாற்று என்ன? பலரும் உடனே சொல்வது, மணலில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு மென்தூள் சேர்த்தால் கலவை கெட்டியாகும் என்பது. கணக்கிட்டுப் பார்த்தால் அதில் எதிர்பார்க்கும் அளவுக்குப் பயனில்லை. ஐம்பது பங்கு மென்தூள், நூறு பங்கு மணல் என்று மாற்றினால், மென்தூள் கலந்த ரெசினின் பாகுநிலை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகக் கூடுகிறது. ஆனால் மணலின் நெருக்கம் குறைந்துவிடுவதால் எதிரோட்டத் தடையும் குறைகிறது. ஒன்றை ஒன்று ஈடுசெய்து, மணல் இறங்கும் வேகம் ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கிறது. மணலின் அளவையே 100 மைக்ரானாகக் குறைப்பது இதைவிடப் பலமடங்கு நல்லது. இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகி, மேல் அடுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும். அதை உப்புத்தாளில் தேய்த்தே எடுத்துவிடலாம்.

எனினும் மிகச் சிறந்த வழி, ரெசினுக்கே சிறிது தாங்கும் வலுவைக் கொடுப்பதுதான். மேற்பூச்சான ஜெல்கோட்டில் சேர்க்கப்படும் புகை சிலிக்கா என்ற மிக நுண்ணிய தூளை, ஏரோசில் என்ற வணிகப் பெயரில் நீங்கள் அறிந்திருப்பீர்கள். இது கலவையில் நுண்ணிய வலை ஒன்றைப் பின்னுகிறது. கலக்கும்போதும் ஊற்றும்போதும் வலை உடைந்து ரெசின் ஓடுகிறது. அசையாமல் விட்டால் மறுபடி சேர்ந்துகொள்கிறது. 200 மைக்ரான் மணல் ஒன்றை விழாமல் தாங்குவதற்குத் தேவையான தகைவு (ஓர் அலகுப் பரப்பில் தாங்கும் விசை) 0.15 பாஸ்கல் அளவே. ஒரு சதவீதத்தை ஒட்டிய புகை சிலிக்காவே இதற்குப் போதுமானதாக இருப்பது வழக்கம். அரை சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். கூடினால் ஊற்ற முடியாமல் போவதோடு காற்றும் வெளியேறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. காற்றை வெளியேற்ற நீங்கள் அச்சை அதிர்வு மேசையில் வைப்பவராக இருந்தால், அதிர்வு அந்த வலையை உடைத்துக்கொண்டே இருக்கும். மணலும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஊற்றிய உடனே சில நொடிகள் அதிர்வு கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். "எவ்வளவு நேரம் அதிர்வு கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்பது கான்கிரீட்டிலேயே தவறான பாடம், ரெசினில் அதைவிடத் தவறு.

இனி வாளிக்கு வருவோம். கலக்கும் இயலில் அடிக்கடி பேசப்படும் அளவுகோல் ஒன்று உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்விட்டரிங் 1958-இல் வகுத்தது அது: எந்தத் துகளும் பாத்திரத்தின் அடியில் ஒன்றிரண்டு நொடிகளுக்கு மேல் தங்காதிருக்கத் தேவையான மிகக் குறைந்த வேகம் எது என்பதே அவருடைய கேள்வி. அவருடைய சூத்திரத்தில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. துகளின் விட்டம் இரண்டு மடங்கானாலும் வேகத்தை 15 சதவீதம் கூட்டினால் போதும். ஆனால் அதே வடிவமைப்பை அப்படியே பெரிதாக்கி, இறகின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், தேவையான வேகம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிடுகிறது. இறகு எவ்வளவு பெரியது என்பது துகள் எவ்வளவு பெரியது என்பதைவிட அதிகம் தீர்மானிக்கிறது. அவ்வேகத்தை எட்டிவிட்டால் சீராகக் கலந்துவிட்டது என்றும் பொருளில்லை. அடியில் எதுவும் தங்காத அந்த நிலையிலேயே, மேற்பகுதியில் துகளே எட்டாத தெளிந்த நீர் நிற்கக்கூடும். மேலிருந்து கீழ்வரை ஒரே செறிவு வேண்டுமென்றால் இன்னும் அதிக வேகமோ வேறு இறகோ தேவைப்படும்.

ஆயினும் ஸ்விட்டரிங்கின் சூத்திரம் தண்ணீர் போன்ற திரவங்களில், கொந்தளிப்பான ஓட்டத்துக்கானது. உங்கள் வாளியில் அத்தகைய ஓட்டமே இல்லை. இதைச் சொல்வது, ஓட்டத்தின் உந்துதலைப் பாகுநிலையின் தடையோடு ஒப்பிட்டுக் காட்டும் ரெனால்ட்ஸ் எண். 10 சென்டிமீட்டர் இறகு 600 சுற்றில் தண்ணீரைக் கலக்கினால் அந்த எண் ஒரு லட்சம். வெறும் ரெசினில் அது சுமார் 220-க்கு இறங்கிவிடுகிறது. மணல் சேர்ந்த பிறகு கலவையின் பாகுநிலை நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுவதால் எண்பதுக்கும் கீழே போய்விடுகிறது. பத்தாயிரத்துக்கு மேலே போனால்தான் முழுக் கொந்தளிப்பு என்று சொல்லலாம். எண்பதில் திரவம் இறகைச் சுற்றி மட்டுமே உயிரோடு இருக்கிறது. சுவரோரமும் அடி மூலையும் கிட்டத்தட்ட உறங்குகின்றன. மணலைக் கொட்டும்போது அங்கே போய் விழுந்தது அங்கேயே கிடக்கிறது. நிமிடத்துக்கு நான்கு மில்லிமீட்டர்கூட இறங்காத மணலைத் தூக்கி நிறுத்த வலிமையான ஓட்டம் தேவையில்லை. ஓட்டம் அந்த இடத்தை எட்டினால் போதும். தண்ணீரில் சிக்கல் தூக்குவது, ரெசினில் சிக்கல் எட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டுவதற்கு வழி பெரிய இறகும் குறைந்த வேகமும். வாளியின் உள்விட்டம் 28 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்று கொள்கிறேன். அதில் 10 சென்டிமீட்டர் இறகு சிறியது; 15 அல்லது 16 சென்டிமீட்டருக்கு மாறுங்கள். 45 டிகிரி சாய்ந்த நான்கு தகடுகள், திரவத்தைக் கீழ்நோக்கித் தள்ளும்படி இருக்க வேண்டும். அதே தண்டில் சுமார் ஒரு இறகு விட்டம் மேலே இன்னொன்றைப் பொருத்தினால் மேற்பகுதியும் சும்மா நிற்காது. கீழ் இறகு அடியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கலாம். வேகத்தை 300 சுற்றாகக் குறைத்துவிடலாம். இந்த வகை ஓட்டத்தில் மின்திறன் வேகத்தின் இருமடிக்கும் விட்டத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், ஒரு 15 சென்டிமீட்டர் இறகு 300 சுற்றில் இழுக்கும் திறன் பழைய இறகு 600 சுற்றில் இழுத்ததைவிடச் சற்றுக் குறைவே. இரண்டாவது இறகையும் சேர்த்தால் அது கூடும். முறுக்குவிசையோ ஓர் இறகுக்கே ஒன்றே முக்கால் மடங்கை ஒட்டிக் கூடும் என்பதால் சாதாரண டிரில் சூடாகித் திணறும். கியர் வைத்த குறைவேகக் கலக்கி வேண்டும்.

தண்டை நடுவில் நிறுத்தாமல் சற்று ஒதுக்கி வையுங்கள். நடுவில் நின்றால் திரவம் முழுவதும் வட்டமாகச் சுற்றுமே தவிர மேலும் கீழுமாகப் புரளாது. தண்ணீருக்கு இதைத் தடுக்க, தொட்டிச் சுவரில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நான்கு தடுப்புத் தகடுகளைப் பொருத்துவார்கள். உங்கள் ரெசினில் அவை பயன் தருவதைவிட, பின்புறம் மணலைச் சேர்த்துவைக்கும் மூலைகளாகவே மாறும். தட்டையான அடியும் செங்கோண மூலையும் கொண்ட வாளியை விட்டுவிட்டு, அடி வளைந்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்றுக்கு மாறினாலே பாதிச் சிரமம் குறையும். அதுவரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டுத் தட்டைக் கரண்டியால் அடியையும் சுவரையும் வழித்துவிடுவது அழகற்ற வேலையாகத் தோன்றினாலும் மிகவும் பயனுள்ளது. தொடர்ந்து செய்யும் அளவுக்கு ஆர்டர் இருந்தால் பிளானட்டரி மிக்சர்தான் சரியான கருவி. அதன் இறகு தானும் சுழன்று பாத்திரத்தையும் சுற்றிவருவதால் உறங்கும் மூலையே இருக்காது. பேக்கரிகள் விற்றுவிடும் பழைய மிக்சர்களை வாங்குபவர்கள் உண்டு. ஆனால் அவற்றின் மோட்டார், ரெசினிலிருந்து எழும் தீப்பற்றக்கூடிய ஸ்டைரீன் ஆவிக்கு ஏற்றதல்ல. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது சிக்கலான கட்டி தட்டுவது 200 மைக்ரான் மணலில் பெரிதாக எழாது; புகை சிலிக்காவையோ பத்து மைக்ரானுக்குக் குறைந்த தூளையோ சேர்க்கத் தொடங்கியதும் எழும். மிக நுண்ணிய தூளில் துகளின் எடையைவிடத் துகள்களுக்கு இடையேயான ஈர்ப்பு வலியதாகிவிடுகிறது. கொதிநீரில் கேழ்வரகு மாவை மொத்தமாகக் கொட்டியதுபோல, வெளியே நனைந்து உள்ளே உலர்ந்த கட்டிகளாக அது நிற்கும். அவற்றைப் பொதுவான சுழற்சி உடைக்காது, உடைப்பது, அடுத்தடுத்த திரவ அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால் எழும் சறுக்குவிசை. பெயின்ட் தொழிலில் இதற்கென்றே பல்வட்டத் தகடு உண்டு. அதன் விளிம்பு வேகம் நொடிக்கு 18 முதல் 25 மீட்டர் வரை இருக்கும்படி ஓட்டுவார்கள். உங்கள் 10 சென்டிமீட்டர் இறகு 600 சுற்றில் நொடிக்கு 3 மீட்டரைத்தான் தொடுகிறது; அதே விட்டமுள்ள பல்வட்டத் தகட்டை 3,000 சுற்றில் ஓட்டினாலும் 16 மீட்டருக்குக் கிட்டத்தான் வருகிறது. ஆகவே ஒரே கருவியால் ஒரே நேரத்தில் இரண்டு வேலையையும் செய்ய முயல்வது வீண்.

வரிசையை இப்படி அமைக்கலாம். வெறும் ரெசினில் முதலில் புகை சிலிக்காவையும் மென்தூளையும் சிறிது சிறிதாகச் சலித்துப் போட்டு, பல்வட்டத் தகட்டால் அதிவேகத்தில் பிரித்துவிடுங்கள். பெயின்ட் பரிசோதனைக்கு வைத்திருக்கும் ஹெக்மேன் கேஜில் (ஆழம் படிப்படியாகக் குறையும் பள்ளமுள்ள உலோகத் தகட்டில்) ஒரு சொட்டை இழுத்துப் பார்த்தால் கட்டி இருக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரியும். அதன் பிறகு பெரிய இறகுக்கு மாறி, மெதுவாகக் கலக்கியபடி மணலைச் சேருங்கள். மணலை அதிவேகத் தகட்டில் போட்டால் தகட்டின் பற்கள் தேய்வதும், இரும்புத் துகள் ரெசினில் கலந்து நிறம் மங்குவதும்தான் மிச்சம். உறைவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரை மணலுக்கு முன்பே ரெசினில் முழுதாகக் கலந்துவிட வேண்டும்; எம்ஈகேபி (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) ஹார்டனரைக் கடைசியில், ஊற்றுவதற்குச் சற்று முன்பு சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் நேருக்கு நேர் ஒரு பாத்திரத்தில் சந்தித்தால் தீயாகவோ வெடிப்பாகவோ முடியும் என்பதை வேலைக்குப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்கள் பள்ளம் நிரப்பும் பட்டிக்காக உள்ளீடற்ற கண்ணாடி நுண்ணுருண்டைகளைப் பயன்படுத்துவதுண்டு. அது இதற்கு நேரெதிரான கதை: அவை ரெசினைவிட இலேசானவை, எனவே மேலே மிதந்து சேரும், அதிவேகத் தகட்டில் உடைந்தும் போகும். எல்லாவற்றுக்கும் கடைசியில், மெல்லக் கலக்கிச் சேர்க்க வேண்டும்.

ஊசித்துளைகளுக்குக் காரணம் பெரும்பாலும் நடுச்சுழி. வேகம் கூடும்போது சுழி இறகைத் தொடும் அளவுக்கு இறங்கி, காற்றை உள்ளே இழுக்கிறது. இறகு அதைத் துண்டுதுண்டாக்கிவிடுகிறது. குமிழியும் ஸ்டோக்ஸ் விதிக்குக் கட்டுப்பட்டதே. உங்கள் கலவையில் அரை மில்லிமீட்டர்க் குமிழி நிமிடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் மேலேறும். 75 மில்லிமீட்டர் கட்டையிலிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் தப்பிவிடும். 0.1 மில்லிமீட்டர்க் குமிழியின் வேகமோ அதில் இருபத்தைந்தில் ஒன்று. அது உறைவதற்குள் வெளியேற வாய்ப்பே இல்லை. வேகமாகக் கலக்குவது காற்றை அதிகம் இழுப்பதோடு நில்லாமல், வெளியேற முடியாத அளவுக்கு அதைப் பொடியாக்கியும் விடுகிறது. வெற்றிடப் பாத்திரம் வைத்திருந்தால் ஹார்டனர் சேர்ப்பதற்கு முன் சில நிமிடங்கள் வையுங்கள். மிக ஆழமான வெற்றிடத்தில் ஸ்டைரீனே கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், நுரை பொங்கி அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

மணல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கடற்காற்று வீசும் நம் பகுதியில், மூட்டை பிரித்து வைத்த தூள் இரண்டே நாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஈரம் கட்டி தட்டச் செய்கிறது, கோபால்ட்டின் வேலையையும் கெடுக்கிறது. 105 முதல் 110 டிகிரி வரை சில மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்து, இறுக மூடிய டின்னில் வையுங்கள். சூடாக இருக்கும்போதே ரெசினில் கொட்டிவிடாதீர்கள். பாலியெஸ்டருக்கு ஏற்ற சிலேன் (மணலையும் ரெசினையும் பிணைக்கும் வேதிப்பொருள்) பூசிய குவார்ட்ஸ் கிடைத்தால் விலை கூடினாலும் வாங்கலாம். ரெசின் அதை எளிதில் நனைக்கிறது, பிடிப்பும் கூடுகிறது.

ஸ்டைரீன் ஆவி தீப்பற்றும் குறைந்தபட்ச வெப்பநிலை 31 அல்லது 32 டிகிரி. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் இதற்கு மேல்தான். கார்பன் பிரஷ் வைத்த சாதாரண டிரில் மெஷினில் பொறி பறப்பது உள்ளே எட்டிப் பார்த்தாலே தெரியும். திறந்த வாளிக்கு நேர் மேலே அதைப் பிடிப்பது நல்லதல்ல. கம்ப்ரசரில் ஓடும் ஏர் டிரில் அதைவிடப் பாதுகாப்பானது, வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் அதில் எளிது. பேக்கரி மிக்சரைப் பற்றி மேலே தயங்கியதும் இதனால்தான்.

கலவை சீராக இருக்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். பெயின்ட் கம்பெனிகளில் பயன்படுத்தும் 100 மில்லிலிட்டர் எடைக் கிண்ணம் ஒன்றும், கால் கிராம் வரை சரியாகக் காட்டும் தராசும் போதும். ஹார்டனர் சேர்க்கும் முன், அகலமான வாயுள்ள சிரிஞ்சால் வாளியின் மேல், நடு, அடி, மூலை ஆகிய இடங்களிலிருந்து கலவையை எடுத்து நிறுத்துப் பாருங்கள். நூற்றைம்பது பங்கு மணல் உள்ள கலவை 100 மில்லிலிட்டருக்கு 169.5 கிராம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மணல் நூற்று நாற்பது பங்காகக் குறைந்திருந்தால் 167 கிராம் காட்டும். இரண்டரை கிராம் வேறுபாட்டைத் தராசு தவறவிடாது. ஆனால் ஒன்றரை சதவீதம் காற்று இருந்தாலும் அதே இரண்டரை கிராம் குறையும். ஆகவே மாதிரியிலுள்ள காற்றை வெற்றிடத்தில் நீக்கிய பிறகே நிறுக்க வேண்டும். இதை மறந்தால் காற்றை மணல் குறைவு என்று எண்ணி, மணலைக் கூட்டிக்கொண்டே போக நேரிடும்.

உறைந்த கட்டைக்கும் இதையே செய்யலாம். மேலிருந்து கீழாக ஐந்து துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தியைக் காணுங்கள். ஐயம் இருந்தால் சிறு துண்டை மஃபில் உலையில் 600 டிகிரியில் எரித்து, மிஞ்சும் மணலை நிறுக்கலாம். குவார்ட்ஸ் அந்த வெப்பத்தில் எடை இழக்காது. மணலுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் அலுமினா ட்ரைஹைட்ரேட் தூளுக்கு இந்த முறை நேரடியாகப் பொருந்தாது, ஏனெனில் அது எரியும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீராக விட்டுவிடும். வாளி மாதிரிகள் ஒத்திருந்து கட்டைத் துண்டுகள் ஒத்திராவிட்டால், கலக்கும் கருவியை மாற்றுவதில் காசைப் போடாதீர்கள். உறையும் நேரத்தையும் மணல் அளவையும் கவனியுங்கள். வாளியிலேயே வேறுபாடு தெரிந்தால் இறகை மாற்றுங்கள்.

இனி எண்ணூர் நண்பரின் கேள்வி. உருகிய அலுமினியம் ரெசினைப் போன்றதல்ல. பாகுநிலையில் அது கிட்டத்தட்ட தண்ணீர். 30 மைக்ரான் சிலிக்கான் கார்பைடு அதில் தனியாக நிமிடத்துக்கு 2 சென்டிமீட்டர் இறங்கும். கன அளவில் 15 சதவீதம் சேர்த்து நெருக்கமாக்கினாலும் 9 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஓட்டம் கொந்தளிப்பானது என்பதால் இங்கே ஸ்விட்டரிங்கின் கணக்கு பொருளுள்ளதாகிறது, தூக்கி நிறுத்துவதும் உண்மையான சிக்கலாகிறது. கலக்குவதை நிறுத்திவிட்டு அச்சைத் தேடி நடந்தால், அதற்குள் மூசையின் (உலோகம் உருக்கும் பாத்திரத்தின்) அடியில் தூள் சேர்ந்துவிடும். ஆகவே இறகு சுழன்றுகொண்டிருக்கும்போதே அடிவழியாக ஊற்றும் மூசையை அமைப்பது அல்லது ஒவ்வொரு அகப்பைக்கும் முன்பு மீண்டும் கலக்குவது கட்டாயம்.

அதைவிடப் பெரிய தடை நனையாமை. அலுமினியம் சிலிக்கான் கார்பைடை எளிதில் ஈரப்படுத்தாது. தூள் மேலேயே மிதந்து நிற்கும் அல்லது காற்றையும் இழுத்துக்கொண்டு கொத்துக்கொத்தாக உள்ளே போகும். 1960-களின் இறுதியில் ஐஐடி கான்பூரில் எஸ். ரே அலுமினா தூளை இவ்வாறு கலக்கிப் பார்த்த காலத்திலிருந்தே இந்த முறையின் மையச் சிக்கல் இதுதான். வழக்கமான தீர்வு இரண்டு: உலோகத்தில் சுமார் ஒரு சதவீதம் மக்னீசியம் சேர்ப்பது, தூளை 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முன்கூட்டியே சுட்டு, ஈரத்தை விரட்டி, மேலே மெல்லிய சிலிக்கா படலம் உருவாகச் செய்வது. சிலிக்கான் குறைந்த அலுமினியத்தை எடுத்தால், அது கார்பைடுடன் வினைபுரிந்து நீரில் சிதையும் அலுமினியம் கார்பைடை உண்டாக்கிவிடும். எனவே எல்எம் 25 என்ற வார்ப்பு அலுமினியம் போலச் சிலிக்கான் ஏழு சதவீதத்தை ஒட்டி உள்ள கலவையையாவது எடுத்து, உருகலைத் தேவைக்கு மேல் சூடாக்காமல் இருக்க வேண்டும். வெறும் இரும்பு இறகு அலுமினியத்தில் கரைந்து கெடுக்கும். கிராஃபைட் இறகோ சுடுமண் பூச்சுள்ள எஃகு இறகோ தேவை.

இவ்வளவும் செய்து சீராக ஊற்றிய பிறகும், உறையும்போது வளர்ந்துவரும் அலுமினியப் படிகங்கள் துகள்களைத் தமக்கு முன்னால் தள்ளிக்கொண்டுபோய், கடைசியாக உறையும் இடத்தில் கும்பலாகச் சேர்த்துவிடும். மணல் அச்சில் மெதுவாக ஆறும்போது இது அதிகம், இரும்பு டையில் விரைவாக ஆறும்போது குறைவு. ஆகவே அவர் இறகு செய்யத் தொடங்குவதற்கு முன், எந்த அச்சில், எவ்வளவு தடிமனுக்கு வார்க்கப்போகிறார் என்பதைத் தெரிவித்தால், தூளின் அளவைப் பற்றி மேற்கொண்டு சொல்ல முடியும்.